பானட்டில் மூன்று பட்டை

ஆடி 4, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து திருநீற்றுக் கையோடு எழுந்தபோது தொலைபேசி ஒலித்தது. தூத்துக்குடியிலிருந்து வடிவு. என் தம்பி குற்றாலலிங்கத்தின் ஒரே மகள். அவள் தகப்பனும் நானும் பேச்சுவார்த்தை அற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அந்த விலக்கைப் பிள்ளைகள் மேல் நான் ஏற்றவில்லை. பெருந்தன்மை என்பது பிறர் சொல்ல வேண்டிய சொல். சொல்வார் இல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

"பெரியப்பா, ஆவணி எட்டு எனக்குக் கல்யாணம். பாளையங்கோட்டை மாப்பிள்ளை. நம்ம ஊர் மண்டபம்தான்."

"நன்று."

"பெண்ணழைப்புக்குத் தாத்தா கார்லதான் வருவேன். அக்காவும் அதுலதான போனா?"

எங்கள் குடும்பத்து வழக்கம் அது. வீட்டுப் பெண் கோயில் வாசலிலிருந்து மண்டபத்துக்கு அப்பாவின் வான நீல அம்பாசிடரில் வர வேண்டும். என் மகள் வந்தாள். தம்பி மகளுக்கு மறுத்தால் ஊர் என்ன சொல்லும்? இசைந்தேன்.

"அப்பாவுக்கும் அதான் ஆசை பெரியப்பா. வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வாயைத் திறக்க அவனுக்கு முகம் ஏது?

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எஞ்சின் உயிரோடு இருக்கிறது. உடம்புதான் போய்விட்டது. கைப்பிடியை இழுத்தால் கைப்பிடி மட்டும் வருகிறது. முன் இருக்கையில் அமர்ந்து கீழே நோக்கினால் பூமாதேவி தெரிகிறாள்.

காரணம் ஊரறிந்தது. அப்பா மறைந்தபின் இரண்டாண்டுக் காலம் கார் தம்பியிடம் இருந்தது. துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவன் அதைக் கடற்கரைச் சாலையில் வெட்டவெளியில் நிறுத்தினான். உப்புக் காற்று உள்ளே புகுந்தது. பிறகு வண்டி என்னிடம் வந்து ஆண்டுகள் பல கடந்தபின்பும், அந்தக் காற்று உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கிறது. செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்பர் சைவப் பெரியோர். எனக்கும் ஒரு களிம்பு உடன்பிறந்தது. அதற்குக் குற்றாலலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். கோயில் மண்டபத்துத் தொடர்சொற்பொழிவில் ஒருமுறை இதையே உவமையாக எடுத்தாண்டு, நான் இயற்றிய குறள் வெண்பாவையும் பாடினேன்:

கடற்காற்றில் நிற்கவிட்டான் காரையென் தம்பி
உடற்குள்ளே ஏறும் துரு.

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. மூன்றாம் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனான். அதன்பின் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. யாப்பு அறியாதவனுக்குக் கவிநயம் எட்டாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆடி 6, செவ்வாய்

மேலப்பாளையத்திலிருந்து டிங்கர் மசூது பாய் வந்தார். அப்பாவின் காரைப் பிறர் முற்றத்தில் கிடத்த மனம் ஒப்பாததால், கேஸ் சிலிண்டர், சுத்தியல், தகரம் எல்லாம் கொண்டு நம் ஷெட்டிலேயே வேலை செய்ய ஏற்பாடு. மெலிந்த உருவம், பெருத்த வாய். கைச்சுத்தியலால் கதவைத் தட்டினார். டங்கென்று ஒலிக்க வேண்டிய இடம் 'பொத்' என்றது.

"அண்ணாச்சி, இது கார் இல்ல. பெயிண்ட் உருண்டு திரண்டு கார் மாதிரி நிக்கி."

"சரி செய்ய இயலுமா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டிய! மந்திரி கார் மரத்துல மோதி அப்பளமா வந்துச்சி. நான் செஞ்சி குடுத்தப் பொறவு மந்திரியே அடையாளம் தெரியாம வேற கார்ல ஏறிட்டாரு."

பிறகு தாழ்ந்த குரலில், "ஓட்டை விழுந்த எடத்துல எல்லாம் பட்டி பூசி, தேச்சி, பெயிண்ட் அடிச்சிரலாம். ஒரு பயலுக்குத் தெரியாது" என்றார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். பட்டி என்பது மாவு. பல்லில் அடைக்கும் சிமெண்ட் போல ஓட்டையில் அப்பி, வழவழப்பாகத் தேய்த்து, மேலே வண்ணம் பூசிவிட்டால் இரும்பு என்றே உலகம் நம்பும். மெய்யென்று காட்டி நிற்கும் பொய். நான் மெய்ப்பொருள் பற்றி ஒரு நாழிகை பேசினேன். மசூது பாய் ஒரு பீடி முடியும்வரை கேட்டார்.

"செரி அண்ணாச்சி. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வச்சே பத்த வச்சிருதேன். ஆனா அந்தப் பொய்யப் பூசித்தான் எங்க வாப்பா மூணு பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுத்தாரு."

ஆடி 9, வெள்ளி

வழக்கம்போல வெள்ளிப் பூசை. அப்பாவின் காருக்கு வெள்ளிதோறும் நான் தவறாது செய்வது: சூடம் காட்டி, திருச்செந்தூர்க் கடல் தீர்த்தத்தில் குழைத்த திருநீற்றால் பானட்டின் நெற்றியில் மூன்று பட்டை இட்டு, கதவுகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் காலடிக்கும் மாவிலையால் அதே தீர்த்தத்தைத் தெளிப்பது. அமாவாசைதோறும் செந்தூர்க் கடலில் நீராடி ஒரு பித்தளைக் குடம் நிறையக் கொண்டு வருகிறேன். கார் என்னிடம் வந்த நாள்முதல் ஒரு வெள்ளியும் விட்டதில்லை. இவ்வளவு காப்பும் இருந்திராவிட்டால் தம்பி செய்துவைத்த கேட்டுக்கு இது என்றோ பொடியாகியிருக்கும்.

எஞ்சிய தீர்த்தத்தை ஷெட் ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றினேன். அது பட்டுக்கொண்டு வருகிறது. எதிர்வீட்டார் கண் பொல்லாதது.

ஆடி 12, திங்கள்

இன்று நடந்ததை எழுதும்போது மெய் சிலிர்க்கிறது.

மசூது பாய் பானட்டின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார். மற்ற இடமெல்லாம் சாம்பல்நிற இரும்பு. நெற்றி நடுவில் மட்டும் செக்கச்சிவந்த மூன்று கோடுகள்! ஒன்றன்கீழ் ஒன்றாக, கைவிரலால் இழுத்தாற்போல. இரும்பைக் குழித்து உள்ளிறங்கியிருந்தன. மனிதக் கை வரைந்ததன்று. உள்ளிருந்து தானே எழுந்தது.

"யா அல்லா! நம்ம ஐயர்மாரு நெத்தி மாதிரில்லா இருக்கு!" என்று மசூது பாய் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் சூடம் கொளுத்தினேன். தெருவுக்குச் செய்தி பரவ எத்தனை நேரம்? பெண்கள் பூவோடு வந்தார்கள். எதிர்வீட்டம்மாள்கூட வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பியின் காற்று உடம்பெல்லாம் தின்றாலும், அதே துருவைக் கொண்டு தன் அடையாளத்தை எழுதிக்கொண்டான் இறைவன் என்று விளக்கினேன். பலர் கண் கலங்கினர்.

பிரமநாயகி காபித் தம்ளரோடு வந்து பார்த்தாள். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்லள்.

"அது நீங்க இட்டதுல்லா?" என்றாள்.

"நான் இட்டது மேலே, வண்ணத்தின்மேல். இது அடியில், இரும்பில்."

"ம்" என்று தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெண்களுக்குத் தத்துவம் படியாதென்பது பொதுவிதி அன்று; என் வீட்டு விதி.

ஆடி 17, சனி

காலடித் தகரம் முழுவதையும் வெட்டி எடுத்தாயிற்று. புதுத் தகரம் பற்ற வைக்கிறார்கள். நீலத் தீப்பொறி. பார்க்கக் கூடாதென்றார், பார்த்தேன், கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருக்கிறது. பிரமநாயகி வெள்ளரிக்காய் வைத்துக் கட்டினாள். எழுத முடியவில்லை.

ஆடி 22, வியாழன்

தம்பி மனைவி வந்து பத்திரிகை வைத்தாள். அவன் வரவில்லை. பெண்கள் இருவரும் அடுக்களையில் நெடுநேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பதற்கு என் அடுக்களையில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

ஆடி 28, புதன்

ஆடி அமாவாசை. திருச்செந்தூரில் கூட்டம். தர்ப்பணம் முடித்து, அலைக்குள் இடுப்பளவு இறங்கி, குடம் நிறைய எடுத்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவன் வேட்டியில் சிறிது சிந்திற்று. "என்னய்யா, கடலயே வீட்டுக்குக் கொண்டு போறீரா?" என்றான். அறியாதவன்.

ஆடி 30, வெள்ளி

கதவுகள், காலடி, அடிப்பக்கம் எல்லாம் புத்தம்புதுத் தகரம், பளிங்குபோல. நாளை துரு ஏறாதபடி ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்கப் போவதாக மசூது பாய் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். பானட் மட்டும் பாக்கி. திருச்சின்னம் உள்ள இடத்தை வெட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

புதுத் தகரத்துக்கு முதல் தீர்த்தம். கஞ்சத்தனம் காட்டாமல் தாராளமாகத் தெளித்தேன்.

ஆடி 31, சனி

காலையில் ஷெட்டில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தேன். மசூது பாய் தலையில் கைவைத்து நிற்கிறார். புதுத் தகரம் முழுவதும் அம்மை போட்டாற்போல் சிவப்புப் புள்ளிகள். துளித்துளியாகத் துரு.

"தரமற்ற தகரம்" என்றேன்.

"அண்ணாச்சி, நாவு அழுகிரும்! அசல் தகரம். இது எலி! ராத்திரி எலி வந்து மேல மூத்திரம் பேஞ்சிருக்கு. எலி மூத்திரத்துல உப்பு. முப்பது வருஷ சர்வீசுல சொல்லுதேன்."

"இத்தனை துளிக்கு எத்தனை எலி வேண்டும்?"

"ஒரு கல்யாணக் கூட்டமே வந்திருக்கு!"

எலிப்பொறி வாங்கக் கிளம்பியே விட்டார். அவர் வாசல் தாண்டியதும் பிரமநாயகி வந்தாள். தகரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு பட்டுப்போன செம்பருத்தியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எலிமேல எதுக்குப் பழியப் போடுதிய?"

"என்ன சொல்ல வருகிறாய்?"

"தூத்துக்குடியில கடக்காத்து பட்டுத்தான் காரு துருப்பிடிச்சிட்டுன்னு மண்டபத்துல பாட்டே படிச்சிய. காத்துக்கே துருப்பிடிக்கும்னா, அந்தக் கடலயே குடத்துல மோந்து வந்து வெள்ளிக்கு வெள்ளி ஊத்துனா? நெத்தியில நீங்க பட்டை போட்ட எடத்துலதான பட்டையா அரிச்சிருக்கு? கொழுந்தன்கிட்ட இருந்து வரையில கார் கண்ணாடி மாதிரில்லா வந்துச்சி."

"இத்தனை ஆண்டும் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே."

அவள் போய் அரிசி களையத் தொடங்கினாள்.

இது வீண்பழி. தீர்த்தம் வேறு, தண்ணீர் வேறு. கடலில் எடுக்கும்வரை உப்புநீர். குடத்தில் ஏறி மந்திரம் பட்டபின் அதன் இயல்பு திரிந்துவிடும். நூல் நெறி அது. ஓர் ஐயத்தைத் தெளியவே இரவுக் கஞ்சிக்கு முன் குடத்திலிருந்து ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்த்தேன்.

கஞ்சிக்கு உப்புப் போடத் தேவை இருக்கவில்லை.

ஆவணி 2, திங்கள்

புள்ளிகளைத் தேய்த்து எடுத்து ப்ரைமர் அடித்தாயிற்று. பொறியில் ஓர் எலி விழுந்தது. "பாத்தியளா!" என்று மசூது பாய் அதைத் தெருவுக்கே காட்டினார். நானும் அந்த எலியைக் கடுமையாகக் கண்டித்தேன்.

பானட் பற்றிப் பேச்சு வந்தது. மூன்று பட்டையும் அடிவரை அரித்துவிட்டன. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வளைத்துப் பொருத்தினால்தான் நிற்கும், நாள் பிடிக்கும் என்றார். வெட்டினால் தெருவே வந்து நிற்கும். ஏன் திருச்சின்னத்தை வெட்டுகிறீர் என்று கேட்கும். அதற்கு நான் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

"பட்டி பூசிவிடும்" என்றேன்.

மசூது பாய் பீடியைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன பூசணும்?"

"பட்டி."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு மட்டம் சொல்லுங்க."

"பட்டி ஐயா, பட்டி! முகூர்த்தம் நெருங்குகிறது. ஆபத்துக்குப் பாவமில்லை."

"அன்னைக்கு மெய்யி, பொய்யின்னு என்னவோ சொன்னிய. நான் வீட்டுல போயி சொன்னேன். என் பொஞ்சாதி அழுதுட்டா."

சிரித்துக்கொண்டே குழைத்தார். கைப்பிடி கைப்பிடியாக அப்பினார். மாலைக்குள் பானட் குழந்தையின் கன்னம்போல் ஆயிற்று. திருச்சின்னம் எங்கே என்று கேட்ட எதிர்வீட்டம்மாளிடம், இறைவன் மறைந்தருளும் நிலையும் உண்டு என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

வான நீல வண்ணம் காய்ந்துவிட்டது. முகம் பார்க்கலாம். பார்க்கவில்லை. தீர்த்தம் தெளிக்க நேரம் வாய்க்கவில்லை.

ஆவணி 7, சனி

இன்று மாலை பெண்ணழைப்பு. நடந்ததை முறையாக எழுதிவைப்பது கடமை.

கோயில் வாசலில் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் மசூது பாய், வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். மாப்பிள்ளை வீட்டார் சுற்றிவந்து வியந்தார்கள். தம்பி எதிரே நின்றான். தலை நரைத்துவிட்டது. "வாங்க" என்றான். "வந்தேன்" என்றேன். இவ்வளவே உரையாடல்.

வடிவு பட்டுப்புடவையில் வந்தாள். கையில் ஒரு சிறு பிள்ளையார். காரின் இரும்பில் தானே ஒட்டிக்கொள்ளும் காந்தப் பிள்ளையார். "பெரியப்பா, ஊர்வலத்துக்கு முன்னால பானட்டு நெத்தியில இவரு இருக்கட்டும்" என்று, நான் ஆண்டுக்கணக்கில் பட்டை இட்ட அதே இடத்தில் வைத்தாள்.

பிள்ளையார் வழுக்கிக் கீழே விழுந்தார்.

எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். அவர் மெல்லச் சரிந்து, சற்று யோசித்து, விழுந்தார். மூன்றாம் முறை தும்பிக்கை நுனி உடைந்தது.

மேளக்காரர் குச்சியை நிறுத்தினார். மாப்பிள்ளையின் பெரிய அத்தை உலகம்மை, பார்வையாலேயே பாலைத் திரிக்க வல்லவள், முன்னே வந்தாள்.

"பிள்ளையாரு மூணு மட்டம் நிக்க மாட்டேன்னுட்டாரு. தும்பிக்கையும் ஒடஞ்சிட்டு. இது நல்லதுக்கில்ல. பொண்ணு இந்த வண்டியில ஏற வேண்டாம். எதுக்கும் ஒரு எட்டு சோசியரக் கேட்டுட்டு நாளைக்கு மத்ததப் பாப்போம்."

மத்தது என்றாள்; நாளை உள்ள மத்தது முகூர்த்தம். வடிவின் கண்ணில் மை கரைந்து இறங்கியது. அவள் என்னைத்தான் பார்த்தாள். வேத சாத்திரம் அறிந்த பெரியப்பா ஒரு சொல் சொன்னால் சகுனம் ஓடிவிடும் என்ற நம்பிக்கை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிரமநாயகியும் பார்த்தாள்.

பட்டியில் காந்தம் ஒட்டாது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் பட்டி ஏன் என்பார்கள். துரு என்றால், அங்கே மட்டும் ஏன் துரு என்பார்கள். நான் வாய் திறந்தேன். மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். ஆவணி வெயில்.

அப்போது தம்பி முன்னே வந்து சிரித்தான்.

"அத்த, பிள்ளையாரு மேல ஒரு குத்தமும் இல்ல. அங்கன இரும்பே கெடையாது; பட்டி. மாவுல காந்தம் எப்படி ஒட்டும்?"

"பட்டி எதுக்கு வச்சிய?"

"துரு அரிச்சிட்டுல்லா. நான்தான் ரெண்டு வருசம் கடற்கரையில நிறுத்திப்போட்டுக் கெடுத்தேன். எங்க அண்ணன் அதுக்குப் பாட்டே கட்டியிருக்காங்க, கேளுங்க."

என் வெண்பாவை ஒரு சீர் பிசகாமல் பாடினான். கடைசிச் சொல்லைப் பானட்டில் தட்டி முடித்தான், 'பொத்' என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உலகம்மையே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கெட்டிக்காரத் தம்பிதான் போங்க, காரக் கெடுக்குததுக்கு!" என்றாள். மசூது பாய் இறங்கிவந்து பிள்ளையாரை ஒரு முழம் தள்ளி வைத்தார். டக்கென்று உட்கார்ந்தார். நாதசுவரம் தொடங்கியது. நான் சொல்லவிருந்ததைச் சொல்ல அதன்பின் இடமில்லாமற் போயிற்று.

வடிவு அப்பாவின் காரில் ஏறி மண்டபத்துக்கு வந்தாள்.

ஆக, தன் குற்றத்தைத் தானே ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டான். இதைத்தான் அன்றே நான் பாடினேன்.

ஆவணி 8, ஞாயிறு

திருமணம் இனிதே நடந்தது. பந்தியில் தம்பி எனக்குப் பரிமாறினான். அவியல் போட்டுவிட்டு, குனிந்து, என் காதில் மட்டும் விழும்படி மெல்லச் சொன்னான்:

கடல்நீரைக் காரில் தெளித்ததார் அண்ணே
உடலெல்லாம் நீறாம் துரு.

"ரசம் வருது, எந்திரிச்சிராதிய" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

பிரமநாயகி பெண்கள் பந்தியில் தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுக்களைச் சிரிப்பின் பொருள் ஒருவாறு விளங்கிற்று.

ஆவணி 9, திங்கள்

காலை முழுவதும் அவன் சொன்னதை அலகிட்டுப் பார்த்தேன். யாப்பு அறியாதவன், எங்கேனும் தளை தட்டியிருக்கும் என்று ஒவ்வொரு சீராகப் பிரித்தேன். காய்முன் நேர், மாமுன் நிரை, எல்லாம் இருக்கின்றன. எதுகையும் இருக்கிறது. உணவுக்குப் பின் மீண்டும் பார்த்தேன்.

தளை தட்டவில்லை.

ஆவணி 13, வெள்ளி

மசூது பாயை வரச்சொல்லி, பட்டியைப் பெயர்த்து, பானட்டை வெட்டிப் புதுத் தகரம் வைக்கச் சொன்னேன். "எலிக்குப் பயந்தா அண்ணாச்சி?" என்றார். பிள்ளையாருக்கு இருக்கை வேண்டும் என்றேன். வெட்டிய தகரத்தை மூன்று பட்டையோடு பழையிரும்புக் கடைக்குப் போட வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பூசை முடித்து, தெளிக்கக் குடத்தைத் தேடினேன். அடுக்களை வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள் பிரமநாயகி. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு, மாவிலையோடு.

ஏன் என்று நான் கேட்கவில்லை.